கழிப்பறைக்குப் பின்னால் நின்ற முனி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியில் கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆறாம் ஆண்டோடு நின்றவள். அப்புறம் கொழுந்துக் கூடை. அப்புறம் பள்ளிக்கூடத்துத் துடைப்பம். இப்போது இரண்டும் இல்லை, வீட்டில் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் வரும்.

துடைக்கும் வேலையைச் சொல்லித்தரப் போவதில்லை. பினாயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். மலையில் தரை சீக்கிரம் காயாது. அதையும் இரண்டு பேர் வழுக்கி விழுந்தால் தெரிந்துகொள்வீர்கள்.

நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி.

பள்ளிக்கூடத்தில் பயம் லேசில் கண்ணில் படாது. பிள்ளைகள் மறைப்பார்கள். ஆசிரியர்கள் இன்னும் நன்றாக மறைப்பார்கள். எவ்வளவு மறைத்தாலும் கடைசியில் அது நம் கைக்குத்தான் வரும். சோதனை நாள் காலையில் வகுப்பு வாசலில் வாந்தி. நாற்காலிக்குக் கீழே ஈரம். குப்பைக்கூடையில் கடிக்காத ரொட்டி. அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை தெரியும்.

நான் சேர்ந்த புதிதில் சிற்றுண்டிச் சாலையில் ஒரு அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு சோதனை நாளில் ஒரு பையன் வராந்தாவில் வாந்தி எடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். நான் வாளியும் மாப்புமாக ஓடினேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"மொத அவனுக்குத் தண்ணி குடு. தரை எங்கயும் ஓடிறாது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது அந்த அம்மாதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சாமான் அறைச் சாவியைத்தான் கொடுத்தார்கள்.

இனி கழிப்பறைக் கதை. இங்கே பேச்சில் அதைத் தண்டாஸ் என்பார்கள்.

எங்கள் பள்ளி சின்னது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. வகுப்புகள் ஒரு வரிசை. கழிப்பறை தனியாகப் பின்னால், மேட்டின் அடியில். அதன் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்குச் சந்து. மேட்டில் தேயிலை. தேயிலைக்கு மேலே ஒரு பெரிய மரம், அதன் கீழே முனியாண்டி. ஒரு சூலம், ஒரு தகரக் கூரை, வெள்ளைச் சாயம் அடித்த சிமெண்டுக் குதிரை. அதுதான் கோயில். படையல் போடும் நாளில் முனிக்குச் சுருட்டு பற்றவைத்து வைப்போம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும்.

அந்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு ஒரு புது சார் வந்தார். சின்ன வயசு. கீழே ஜொகூர் பக்கத்து ஆள். முதல் வேலை இது. சட்டையை நன்றாகத் தேய்த்துப் போடுவார். எப்போதும் வாயில் ஒரு மின்ட் மிட்டாய் இருக்கும். யார் வணக்கம் சொன்னாலும் திடுக்கிட்டுத்தான் திரும்புவார்.

தலைமையாசிரியர் ஒரு பெண். பெரிய டீச்சர் என்போம். அவர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து கூட்டம் போட்டார். என்னையும் கேட்டில் நிற்கும் ஜாகாவையும்கூட உட்காரச் சொன்னார். முழுமைக் கல்வி என்று ஒரு சொல் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அவரே விளக்கினார். பிள்ளை வகுப்புக்குள் வரும்போது மூளை மட்டும் வராது, வயிறும் வரும், தூக்கமும் வரும், பயமும் வரும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நாம் உட்கார வைக்கிறோம் என்றார். அது புரிந்தது. நான் துடைப்பது அதைத்தானே.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில், மத்தியானம் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போனேன். தரை காய்ந்து கிடந்தது. முதலில் சந்தோஷம். வேலை மிச்சம். மறுநாளும் காய்ந்து கிடந்தது. சந்தோஷம் போய்விட்டது. பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் கழிப்பறை காயக் கூடாது.

வகுப்புகளைக் கவனித்தேன். சின்னப் பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகள் காலையில் வந்தபடியே நிறைந்து திரும்பின. ஓய்வு நேரத்தில் பெண் பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் போவார்கள். பாதி வழியில் நிற்பார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். திரும்பிவிடுவார்கள்.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை அவர். வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். பிறகு ஆசிரியர்களிடம் சொல்லி விசாரித்தார். பிள்ளைகள் எல்லாரும் ஒண்ணும் இல்ல டீச்சர் என்றார்கள். பெரியவர்களுக்கென்று பிள்ளைகள் வைத்திருக்கும் பதில் அது ஒன்றுதான்.

அந்த வாரம் எஸ்தர் பள்ளிக்கு வரவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை. கடுங்காய்ச்சல். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லை, வருவதையும் அடக்கி வைக்கிறது, அதனால் வந்த காய்ச்சல் என்றாராம். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் போய்விட்டது. பள்ளிக்கூடம் என்றால் கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறாள் என்றார்கள்.

பெரிய டீச்சர் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவர் போனால் வீட்டைக் கூட்டி நாற்காலி போட்டு மைலோ கலக்குவார்கள். பேச்சு வராது. நான் அதே லயம்.

எஸ்தரின் அம்மா கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற கடையில் வேலை செய்தார். நசுங்கிய பழங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாம் காய்ச்சுவார். நான் போனபோது பழத்தைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். பிள்ளையை ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்தாள். கையில் வேலை இருந்தால் பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.

"ஆண்ட்டி, நீங்க தண்டாஸுக்குத் தனியா போவீங்களா?"

"தெனம் போறேன். அதான் என் வேல."

"அது ஒங்கள ஒண்ணும் பண்ணலயா?"

எது என்று நான் கேட்கவில்லை. காம்பு கிள்ளினேன்.

"முனி," என்றாள். "தண்டாஸுக்குப் பின்னால நின்னு சுருட்டு குடிக்குது."

அவள் அம்மா கையில் இருந்த பழத்தை வைத்துவிட்டார். "நாங்க ஜெபம் பண்ற வீடுக்கா. முனி கினி எல்லாம் கெடையாதுன்னு எத்தன வாட்டி சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறா."

"நீங்க பாக்கல. நான் பாத்தேன்," என்றாள் எஸ்தர்.

நான் முனியைக் கும்பிட்டு வளர்ந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முனி நமக்குக் காவல், பிள்ளைகளை ஒன்றும் செய்யாது என்றேன்.

"அப்ப ஏன் ஒளிஞ்சு நிக்குது?"

அம்மா முனியே இல்லை என்றார். நான் முனி நல்லது என்றேன். இரண்டும் அவளுக்கு உதவவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பயந்த பிள்ளைக்கு நாம் கொடுக்கிற சமாதானம் முக்கால்வாசி நமக்குத்தான்.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். முனி எப்படி இருந்தது?

காலையில், மணி அடிக்கும் முன்னால், பனி மூட்டமாக இருக்கும்போது கழிப்பறைக்குப் போனாளாம். அங்கே சன்னலில் கண்ணாடிப் பட்டைகள். கீழ்ப்பட்டை ஒன்று விழுந்துவிட்டது. அந்த இடைவெளியில் பார்த்தாளாம். ஆள் தெரியவில்லை. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"செவப்பா இருக்கும் ஆண்ட்டி. பெருசாகும். அப்புறம் சின்னதாகும். அப்புறம் பொகை வரும்."

மற்றப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களில் சிலரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டுப் பையன்கள் மிச்சக் கதையைச் சேர்த்துவிட்டார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தில் கூட்டுகிறவள் நான். முனிக்குச் சுருட்டுதான் வைப்போம். பில்டர் சிகரெட் யாரும் வைத்ததில்லை. சந்தில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஜாகாவுடையவை என்று நினைத்துக் கூட்டித் தள்ளியிருந்தேன். காலையில் ஜாகா கேட்டை விட்டு நகர மாட்டார். துண்டுகளோடு மின்ட் மிட்டாய்க் காகிதமும் கிடக்கும்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சப் பழத்தையும் கிள்ளிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் செய்தி பெற்றோர் வாட்சப்பில் ஏறிவிட்டது. முனி போகிற வழியை மறித்துக் கழிப்பறை கட்டிவிட்டோம் என்று ஒருவர். இடிக்க வேண்டும் என்று ஒருவர். பூசாரியைக் கூப்பிட்டு வாசலில் கோழி அறுக்க வேண்டும் என்று பெற்றோர் சங்கத் தலைவர். கிறிஸ்தவ வீட்டுக்காரர் ஒருவர் பாதிரியாரை அழைக்கலாம் என்றார். அதற்குப் பத்துப் பேர் பதில் போட்டார்கள். எஸ்தரின் அம்மா மட்டும் ஒன்றும் போடவில்லை. பிரிஞ்சாங்கில் வேறு பள்ளியில் இடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு எஸ்தர் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். சிவப்புக் கண்ணைச் சொன்னேன். துண்டுகளைச் சொல்லவில்லை. ஒரு நாள் பொறுங்கள் டீச்சர், அப்புறம் மிச்சத்தைச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சரி அக்கா என்றார். பள்ளி வளாகத்தில் புகைப்பது சட்டப்படி தப்பு. பேரைச் சொன்னால் அவர் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆள் போய்விடும். எஸ்தரின் பயம் போகுமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அந்த மின்ட் மிட்டாய் சாரிடம் பேசுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனேன். பனி. அவர் சுவரில் சாய்ந்து நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி. புகை தோளுக்கு மேலே வந்தது.

நான் கூட்ட ஆரம்பித்தேன்.

"அக்கா, பெரிய டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சிகரெட்டப் பத்திப் பேச வரல சார். எஸ்தரப் பத்திப் பேச வந்தேன்."

முகம் வெளுத்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லும் முன்னால் அவரே எல்லாவற்றையும் கொட்டினார். முதல் வாரத்தில் வகுப்பு அடங்கவில்லையாம். மேசையில் ரூலரால் ஓங்கி அடித்தாராம். முன்வரிசையில் எஸ்தர் நாற்காலியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாளாம். அன்றிலிருந்து அவர் நிமிர்ந்தால் அவள் தரையைப் பார்க்கிறாளாம். இவளுக்குக் காய்ச்சல் வந்ததும் என்னால்தான், இவள் பள்ளியை விட்டு நிற்பதும் என்னால்தான் என்றார். தினமும் சாயங்காலம் அவளுடைய அம்மா வாட்சப்பில் போட்டுவிட்டாரா என்று போனைத் திறந்து திறந்து பார்க்கிறாராம்.

"பிள்ளைங்க பயந்தாதான் வாத்தியாருக்கு மரியாதன்னு எங்கப்பா சொல்வாருக்கா. இங்க வந்து பாத்தா எனக்குத்தான் வகுப்பு வாசலத் தாண்ட முடியல. இத ஒண்ணு இழுத்துட்டுத்தான் உள்ள போக முடியுது."

இந்த வேலையில் நான் கண்டது ஒன்று. வகுப்பில் ரொம்பச் சத்தம் போடுகிற ஆசிரியரைப் பார்த்தால் கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓய்வு நேரத்தில் அவருடைய டீ ஆறிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

"எஸ்தர் வராதது ஒங்க ரூலருக்குப் பயந்து இல்ல சார்," என்றேன். "முனியப் பாத்துப் பயப்படுறா. அந்த முனி நீங்கதான்."

விளக்கிச் சொன்னேன். அவர் கையில் இருந்த சிகரெட் நுனியைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. பாதியில் நின்றுவிட்டது. அவள் இவருக்குப் பயந்தாள். இவர் அவளுக்குப் பயந்து இங்கே வந்து நின்றார். இங்கே நின்றதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். பயம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றோடு அவர் அங்கே வருவதை நிறுத்திவிட்டார். நானும் அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. முனி போய்விட்டதென்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லையே. சிவப்புக் கண் தெரியாவிட்டால், முனி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது என்றார்கள் மூன்றாம் ஆண்டுப் பையன்கள். தரை காய்ந்தே கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்தரின் அம்மா பிள்ளையின் பேரைப் பள்ளியிலிருந்து எடுக்க வந்துவிட்டார். எஸ்தர் அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெரிய டீச்சர் அறைக்கு வெளியே சன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய டீச்சர் இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள் என்று கேட்டார். அம்மா கோபப்படவில்லை. பிள்ளை மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் பார்ப்பது, நான் லீவு போட்டால் கடையில் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றார். நியாயம்தான்.

சார் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். அம்மாவையும் பிள்ளையையும் பார்த்தார். நின்றார். என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன். உள்ளே போவதும் போகாததும் அவர் பாடு. அந்த இடத்தில் நாம் தலையை ஆட்டக் கூடாது.

சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்தார். மறுபடியும் உள்ளே போட்டார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"டீச்சர், தண்டாஸ் பின்னால நின்னது நான்தான். சிகரெட் குடிச்சேன்."

பெரிய டீச்சர் அவரை உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. இதற்கு நான் எழுத்தில் எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருக்கும் சார் என்றார். சரி டீச்சர் என்றார் இவர். பிறகு எஸ்தருக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"நீ பாத்தது முனி இல்லம்மா. நான்தான். இனிமே அங்க நிக்க மாட்டேன்."

பெரியவர்கள் எல்லாருக்கும் விஷயம் முடிந்துவிட்டது. எஸ்தருக்கு முடியவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"சார் கண்ணு கறுப்பா இருக்கு," என்றாள்.

பெரிய டீச்சர்தான் அவளிடம் மெதுவாகக் கேட்டார். சார் சொல்றத நம்பணும்னா ஒனக்கு என்ன வேணும்? எஸ்தர் யோசித்தாள். அவசரப்படாமல் யோசித்தாள். யாரும் அவளை முடுக்கவில்லை.

"காட்டச் சொல்லுங்க."

அவள் அம்மா பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமை காலையில ஒரு தடவ கூட்டிட்டு வரேன் டீச்சர், அவ உள்ள போகலன்னா அப்படியே பிரிஞ்சாங்குக்குப் போயிடுவோம்லா என்றார்.

சிகரெட் பற்றவைக்க முடியாது. சார் என்னிடம் வந்து சாமிப் படத்துக்கு ஏற்றுகிற ஊதுபத்தி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுக்கு வெளிச்சம் போதாது, ஐந்தாறைச் சேர்த்துக் கட்டுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை எழுந்ததும் கதவைத் திறந்து பார்த்தேன். இந்த மலையில் துணி துவைத்த நாளில் எல்லாம் பனி வரும். வேண்டும் என்று நினைத்த நாளில் வந்தது அன்றுதான். கோயில் மரம்கூடத் தெரியவில்லை.

கழிப்பறைக்குள் நாங்கள் மூன்று பேர். எஸ்தர், அவள் அம்மா, நான். பட்டை விழுந்த இடைவெளிக்கு நேராக அவளை நிறுத்தினேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெள்ளையாக இருந்தது. பிறகு சிவப்பாக ஒரு புள்ளி வந்தது.

பிள்ளை பின்னால் நகர்ந்தாள். என் காலில் முட்டி நின்றாள். நகம் என் விரலில் பதிந்தது. அம்மா தூக்கிக்கொண்டு போகக் குனிந்தார்.

"எஸ்தர், சார்தான்," என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்ப ஊதப் போறேன். பெருசாகும் பாரு."

பெரிதானது.

"இப்ப சின்னதாகும்."

சின்னதானது. புகை வந்தது. ஊதுபத்தி வாசம்.

அம்மா குனிந்தபடியே நின்றார். சார் அங்கே இருமினார்.

"இன்னொரு தடவ," என்றாள் எஸ்தர்.

மறுபடியும் பெரிதானது.

"மேல தூக்குங்க சார்." கண் மேலே போனது. "கீழ." கீழே வந்தது. "சுத்துங்க." சுற்றியது. என் விரலை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. பட்டையில் மூக்கை வைத்து நின்றுகொண்டு முனியின் கண்ணை இங்கேயும் அங்கேயும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு வெளியே ஓடினாள். ஊதுபத்தியைத் தான் பிடிக்க வேண்டும் என்றாள். பிடித்தாள். சார் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

"அது பொம்பளப் புள்ளைங்க தண்டாஸ்மா," என்றார் சார்.

அவள் அம்மா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் போறேன் சார் என்று உள்ளே போய்ப் பட்டையில் பார்த்து, ஐயோ முனி என்றார். எஸ்தருக்குத் தாங்கவில்லை.

அதற்குள் மற்றப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் மணியை அடிக்க விடவில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்ப்பதும், வெளியே வந்து முனியாக நிற்பதும். மூன்றாம் ஆண்டுப் பையன்கள்தான் கடைசியில் வந்தார்கள். எங்களுக்கு முன்னாடியே தெரியும் என்றார்கள்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் எஸ்தர் ஊதுபத்தியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தனியாக. கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவும் சாரும் நானும் வெளியே நின்றோம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிரிஞ்சாங்குக்கு யாரும் போகவில்லை.

சாருக்கு எச்சரிக்கை வந்தது. வாங்கிக்கொண்டார். படையலும் நடந்தது. மேட்டுக்கு மேலே, முனியின் இடத்திலேயே. செய்யாத தப்புக்கு முனி மேல பழி போட்டோம், அதுக்கு ஒரு கோழி போகட்டும் என்றார் சங்கத் தலைவர். எஸ்தரின் அம்மா ஒரு போத்தல் ஜாம் கொடுத்து அனுப்பினார். அதையும் வைத்தோம். முனிக்கு ஸ்ட்ராபெரி ஜாம் வைத்த தோட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பயத்தைத் துரத்து, தைரியமாக இரு என்றெல்லாம் நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அது எப்படி இருக்கிறது, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பிள்ளை காட்டும். அப்புறம் யாராவது ஒருவர் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று கழிப்பறையிலிருந்து வந்து கை கழுவும்போது எஸ்தர் சாரிடம் கேட்டாள்.

"நீங்க ஏன் சார் அங்க போய் நின்னீங்க?"

அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளும்.

"வகுப்புக்கு வர பயமா இருந்துச்சும்மா," என்றார்.

அவள் கையை உதறித் தண்ணீரைத் தெளித்தாள். "பயமா இருந்தா தொணைக்கு ஆள் கூட்டிட்டுப் போணும் சார்," என்றாள்.

மறுநாள் காலை நான் வராந்தா துடைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறை வாசலில் எஸ்தர் நின்றாள். புத்தகப்பை முதுகில். சார் வெளியே வந்ததும் கையை நீட்டினாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பெரிய டீச்சர் அங்கேதான் நின்றார். வழி விட்டார். நான் வாளியை ஓரமாக நகர்த்தினேன்.

முதலாம் ஆண்டு வகுப்பு வராந்தாவின் கடைசியில். அதுவரை அவள் கையை விடவில்லை. வாசலில் நிறுத்தி, தான் முதலில் உள்ளே போனாள். உள்ளே ஒரே சத்தம். அவள் குரல் அதற்கு மேலே கேட்டது.

"சத்தம் போடாதீங்க. சாருக்குப் பயம்."

வகுப்பு அடங்கியது. நாற்காலிகள் மெதுவாக நகர்ந்தன. எல்லாரும் எழுந்து, வழக்கமாகக் கத்துவதில் பாதிச் சத்தத்தில், வணக்கம் சார் என்றார்கள். அவர் உள்ளே போனார்.